நோட்டில் ஏறினால்தான் பேச்சு

அக்டோபர் 2, காலை பதினொரு மணி. பள்ளிக்கூடத்து மைதானத்தில் ஒரு சாமியானா. முன்னால் பத்துப் பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள், அதிகாரிகளுக்கு. எதிரே ஜமுக்காளம், ஊருக்கு. மைக்செட்காரர் ‘அலோ, அலோ’ என்று தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மேசையில் இரண்டு நோட்டுகள். ஒன்றில் வருகிறவர்கள் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். இன்னொன்று, ஊராட்சி செயலர் தன் பக்கமாக இழுத்து வைத்திருக்கும் தீர்மானப் பதிவேடு.

“தலைவரே, மேலத்தெருவுக்கு மூணு நாளைக்கு ஒருக்காதான் தண்ணி வருது.”

“பாத்துக்கலாம்மா.”

“போன தடவையும் இதையேதான் சொன்னீங்க. நோட்டுல எழுதச் சொல்லுங்க.”

தமிழ்நாட்டில் கிராம சபைக்கு ஒருமுறையாவது போனவர்களுக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. கடைசி வாக்கியத்தைச் சொல்லும் ஒரு ஆள் கூட்டத்தில் இருந்துவிட்டால் அன்றைய சபையின் போக்கே மாறிவிடும். வாயால் சொன்னது காற்றோடு போய்விடலாம். நோட்டில் ஏறியதற்கு எண் உண்டு, தேதி உண்டு, கையெழுத்து உண்டு. மூன்று மாதம் கழித்து ஒன்றிய அலுவலகத்துக்கு மனு எழுதும்போது, ‘இன்ன தேதி கிராம சபையின் இத்தனையாவது தீர்மானப்படி’ என்று தொடங்கலாம்.

கிராம சபையைக் குறைதீர்ப்பு முகாம் என்று நினைப்பவர்கள் நிறைய. இரண்டும் வேறு. முகாமில் மக்கள் மனு கொடுப்பார்கள், அதிகாரிகள் வாங்கிக்கொள்வார்கள். கிராம சபையில் ஊராட்சிதான் மக்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். 1993-ல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 73-வது திருத்தமும், அதையொட்டி வந்த 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் இதற்கு அடித்தளம். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் சபை உறுப்பினர்கள்தான். யாரும் அழைத்து உட்காரவைக்க வேண்டியதில்லை.

முன்பு ஆண்டுக்கு நான்கு நாள்கள்: குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள். இப்போது மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளும், நவம்பர் 1 உள்ளாட்சிகள் நாளும் சேர்ந்து ஆறு. கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தபட்ச வருகைக் கணக்கும் உண்டு. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர்.

இந்த எண்ணிக்கையை நிரப்புவதில்தான் முதல் ஓட்டை விழுகிறது. மூவாயிரம் பேர் உள்ள ஊரில் நூறு பேர் வந்தால் போதும் என்றால், அந்த நூறு பேரையும் நூறு நாள் வேலை நடக்கும் இடத்திலிருந்தே கூட்டி வந்துவிடலாம். வேலைக்கு வந்த பெண்கள் நோட்டில் கையெழுத்துப் போடுவார்கள், அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். எதற்குக் கையெழுத்துப் போட்டோம் என்று தெரியாமலே வீட்டுக்குப் போய்விடுவதும் உண்டு. சபை முறைப்படி நடந்ததாகக் காகிதம் சொல்லும்.

அதனால்தான் ‘சேதி எப்படி வந்தது’ என்ற கேள்வி முக்கியமாகிறது. கூட்டத்தின் இடம், நேரம், பேசப்போகும் பொருள் எல்லாவற்றையும் ஏழு நாள் முன்னதாக ஊருக்கு அறிவிக்க வேண்டும். நெடுங்காலம் அந்த வேலையைச் செய்தது தண்டோரா. தமுக்கடித்துத் தெருத்தெருவாகச் சொல்லிவரும் அந்த வேலையை ஒரு குறிப்பிட்ட சாதியினரின் தலையிலேயே ஊர் கட்டி வைத்திருந்தது. 2022 ஆகஸ்டில், தண்டோரா போடுவதை நிறுத்த வேண்டும், வாகனங்களில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கலாம் என்று அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். பறையடித்து அறிவிக்கும் காலம் முடிய வேண்டியதுதான். அதற்கு யாரும் வருத்தப்பட வேண்டியதில்லை. ஆனால் அந்த இடத்தில் எது வந்தது என்பது ஊருக்கு ஊர் மாறுகிறது. சில ஊர்களில் ஆட்டோவில் மைக். சில ஊர்களில் ரேஷன் கடைச் சுவரில் ஒட்டிய தாள். பல ஊர்களில் வாட்ஸ்அப் குழு. அந்தக் குழுவில் தலைவரோடு பேச்சுவார்த்தை இல்லாத தெரு இருக்குமா, காலனி வீடுகள் இருக்குமா, பட்டன் போன் வைத்திருக்கும் கிழவிக்கு யார் சொல்வார்கள் என்பதெல்லாம் அடுத்த கேள்விகள்.

சபைக்குப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது மேடையை அல்ல, பேனரை. ஊராட்சியின் வரவு செலவுச் சுருக்கத்தை எல்லோரும் படிக்கும்படி வைக்க வேண்டும் என்பது விதி. வரவுப் பக்கத்தில் வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், மாநில நிதிக்குழு மானியம், மத்திய நிதிக்குழு மானியம் என்று வரிசையாக இருக்கும். 15-வது நிதிக்குழு தந்த மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும்தான் செலவு செய்ய முடியும் என்ற கட்டு 2021 முதல் போடப்பட்டது. ஆகவே ‘தண்ணீருக்குப் பணமில்லை’ என்ற பதில் வந்தால், அந்த மானியம் எங்கே போனது என்று கேட்க இடமிருக்கிறது.

செலவுப் பக்கம் இன்னும் சுவையானது. தெருவிளக்கு பல்பு, பிளீச்சிங் பவுடர், மோட்டார் ரிப்பேர், பைப் லைன் அடைப்பு என்று சின்னச் சின்ன வரிகள். ஊரின் வாழ்க்கை அந்த வரிகளில்தான் இருக்கிறது. ஒரு தெருவில் ஆறு மாதமாக விளக்கு எரியவில்லை, பேனரில் பல்புக்குச் செலவு மட்டும் இருக்கிறது என்றால், கேட்பதற்குச் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. மேல்நிலைத் தொட்டியைக் கடைசியாகக் கழுவிய தேதியைத் தொட்டியின்மேலேயே பெயின்டால் எழுதி வைத்திருப்பார்கள். கூட்டத்துக்கு வரும் வழியில் அதை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு வருகிறவரிடம் கேள்வி தயாராக இருக்கும்.

எதை எங்கே கேட்பது என்ற குழப்பமும் இருக்கிறது. குடிநீர், தெருவிளக்கு, கழிவுநீர்க் கால்வாய், ஊராட்சிச் சாலை, சுடுகாடு, குப்பை ஆகியவை ஊராட்சியின் நேரடிப் பொறுப்பு. பட்டா, முதியோர் உதவித்தொகை இரண்டும் வருவாய்த் துறையினுடையவை. கிராம நிர்வாக அலுவலர், தாசில்தார் வழியாகப் போக வேண்டும். ரேஷன் அட்டை வேறொரு துறை. கிராம சபையில் பாதி நேரம் இந்த விண்ணப்பங்களிலேயே கரைந்துபோவதும், ‘அது எங்க கையில இல்லைங்க’ என்ற பதிலில் கூட்டம் சோர்ந்துபோவதும் வழக்கம்.

சபையின் கையில் உறுதியாக இருக்கிற உதவிகளில் பெரியது வீடு. 2030-க்குள் எட்டு லட்சம் குடிசைகளைக் காங்கிரீட் வீடுகளாக மாற்றும் நோக்கத்தோடு தமிழ்நாடு அரசு அறிவித்த ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டத்தில் ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய், 360 சதுர அடி. பயனாளிகள் பட்டியல் கிராம சபைக்கு வரும். அங்கே ஒவ்வொரு பெயராக உரக்கப் படிக்க வேண்டும் என்று கேட்பவர் இருந்தால், மாடிவீட்டுக்காரரின் பெயர் பட்டியலில் தங்குவது கடினம். ‘அவருக்கு வீடு இருக்கே’ என்று பின்வரிசையிலிருந்து வரும் ஒரு குரல், எந்த ஆய்வு அதிகாரியும் செய்ய முடியாத வேலையைச் செய்துவிடும்.

சபையின் பலத்துக்கு அடிக்கடி எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் ஊர் திருவள்ளூர் மாவட்டத்துக் குத்தம்பாக்கம். வேதிப் பொறியியல் படித்து, வேலையை விட்டு ஊருக்குத் திரும்பிய இளங்கோ ரெங்கசாமி 1996-ல் அங்கே தலைவரானார். கழிவுநீர்க் கால்வாய் கட்ட, அருகிலிருந்த கிரானைட் ஆலைகள் வெட்டி ஒதுக்கிய கல் துண்டுகளைப் பயன்படுத்தினார். செலவு குறைந்தது. ஆனால் மதிப்பீட்டில் எழுதியிருந்த பொருள் வேறு. விதிமீறல் என்று நடவடிக்கை வந்தது, பதவி போனது. அவர் ஊரைக் கூட்டினார். கணக்கு முழுவதும் சபைமுன் வைக்கப்பட்டது. ஊர் அவர் பக்கம் நின்று தீர்மானம் போட்டது. அவர் மீண்டும் தலைவர் நாற்காலிக்கு வந்தார். 2006 வரை இருந்தார்.

கோவை மாவட்டத்து ஓடந்துறையின் கதை மின்கட்டணத்தில் தொடங்குகிறது. குடிநீர் மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் ஆகும் கரண்ட் பில் எந்த ஊராட்சிக்கும் தலைவலி. ஆர். சண்முகம் தலைவராக இருந்த காலத்தில், 2006-ல், ஓடந்துறை சொந்தமாக 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. விலை 1 கோடியே 55 லட்சம். அதில் 40 லட்சம் ஊராட்சியின் சேமிப்பு, மீதி வங்கிக் கடன். ஊருக்குத் தேவையானது போக மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றார்கள். ஒரு கிராம ஊராட்சியை நம்பி வங்கி கோடி ரூபாய்க் கடன் தருகிறது என்றால், வரி ஒழுங்காக வசூலாகியிருக்கிறது, கணக்கு ஒழுங்காக எழுதப்பட்டிருக்கிறது என்று பொருள்.

இந்த இரண்டிலும் நல்ல தலைவர்கள் இருந்தார்கள். மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியில் நடந்தது வேறு வகை. 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. 2019 இறுதியில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் அங்கே தலைவராக வென்ற வீரம்மாள் பாட்டி, எண்பதை நெருங்கிய வயதுக்காக அப்போது செய்திகளில் அடிபட்டார். 2024 நவம்பரில், மேலூர்ப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலம் முடிந்துவிட்டது என்ற சேதி வந்தபோது ஊர் அதிர்ந்தது. நவம்பர் 1-ல் நடக்க வேண்டிய கிராம சபை தீபாவளியால் 23-ஆம் தேதிக்குத் தள்ளிப் போயிருந்தது. அந்தச் சபையில் சுரங்கம் வேண்டாம் என்று தீர்மானம் போடப்பட்டது. டிசம்பர் 9-ல் சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7-ல் மேலூர் வட்டார மக்கள் மதுரைக்குப் பேரணியாகப் போனார்கள். 23-ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. இது சபைத் தீர்மானம் தனியாகச் சாதித்த வெற்றியல்ல. தெருவில் இறங்கிய கூட்டமும் அரசியலும் சேர்ந்தே சாதித்தன. ஆனால் ‘ஊர் என்ன சொல்கிறது’ என்பதற்குக் கையில் காட்ட ஒரு காகிதம் தொடக்கத்திலேயே இருந்தது.

அதே மேலூர் வட்டாரத்தில்தான் மேலவளவும் இருக்கிறது. பட்டியலினத்தவருக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சியில் தலைவரான முருகேசனும் அவரோடு வந்தவர்களும் 1997 ஜூன் 30-ல் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதேபோல் ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 1996-லிருந்து பத்தாண்டுகள் தலைவர் பதவிக்கு முறையான தேர்தலே நடத்த முடியவில்லை; 2006-ல்தான் முடிந்தது. 2020-ல் கடலூர் மாவட்டத்தில் ஒரு பட்டியலினப் பெண் தலைவர், கூட்டத்தில் மற்றவர்கள் நாற்காலியில் இருக்கத் தரையில் உட்கார்ந்திருந்த படம் வெளியாகி நாடு முழுவதும் பேசப்பட்டது. சாமியானாவுக்குக் கீழே நாற்காலி யாருக்கு, ஜமுக்காளம் யாருக்கு என்பது இன்றும் சில ஊர்களில் அத்தனை எளிய விஷயமல்ல.

தலைவரே இல்லாத காலங்களும் உண்டு. 2016-ல் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் 2019 டிசம்பர் வரை தள்ளிப்போனது. இடைப்பட்ட மூன்றாண்டுகள் தனி அலுவலர்களின் காலம். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் டெல்டாவைப் புரட்டிப் போட்டபோது, நாகை, தஞ்சை, புதுக்கோட்டை ஊர்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரோ வார்டு உறுப்பினரோ இல்லை. எந்த வீட்டுக் கூரை போனது, எந்தத் தெருவில் கைக்குழந்தைகள் இருக்கின்றன என்று வாசல் வாசலாகத் தெரிந்த ஆள், அதிகாரம் எதுவும் கையில் இல்லாமல் நின்றார். ஊர்க்காரர்களும் இளைஞர்களும்தான் பல இடங்களில் விழுந்த மரங்களை அறுத்து வழி உண்டாக்கினார்கள், பொதுவில் அடுப்பு மூட்டிச் சமைத்தார்கள்.

2025 ஜனவரி 5-ல், 2019-ல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் முடிந்தது. 28 மாவட்டங்களின் ஊராட்சிகள் மறுபடி தனி அலுவலர்களிடம் போயின. தலைவர் இல்லையென்றால் கிராம சபையும் இல்லை என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். அது தவறு. அந்த ஜனவரி 26-லும் சபை கூடியது, தனி அலுவலர் முன்னிலையில். சொல்லப்போனால், ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வரும் ஆள் இல்லாத காலத்தில், ஊர் தன் குறையைப் பதிவு செய்ய மிஞ்சியிருக்கும் இடம் அதுதான். ஒரு சபைக்கும் அடுத்த சபைக்கும் இடைப்பட்ட நாள்களுக்கு 155340 என்ற ‘ஊராட்சி மணி’ தொலைபேசி எண் 2023 செப்டம்பரிலிருந்து இருக்கிறது. குழாய் உடைந்தால், விளக்கு எரியாவிட்டால் அதில் சொல்லலாம்.

கூட்டம் முடியும் நேரம். டீயும் வடையும் வந்துவிட்டன; பாதி ஜனம் எழுந்துவிட்டது. மைக்செட்காரர் ஒயரைச் சுருட்டத் தொடங்கிவிட்டார். மேலத்தெருப் பெண்மணி மட்டும் மேசையைவிட்டு நகரவில்லை. செயலர் எழுதி முடித்ததை ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்கிறார். ‘குடிநீர் விநியோகம் சீர்செய்ய…’ என்று வருகிறது.

“எந்தத் தெருன்னு எழுதலியே?”

செயலர் பேனாவை மறுபடி திறக்கிறார். ‘மேலத்தெரு’ என்ற சொல் வரிக்கு மேலே, இரண்டு வார்த்தைக்கு நடுவில், நெருக்கியடித்து ஏறுகிறது. கூடவந்த மகள் கைப்பேசியை எடுத்து அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துக்கொள்கிறாள்.