பாசல் கழகமும் இரண்டு ஆட்டக்காரர்களும்

சுவிட்சர்லாந்து நாட்டில், ரைன் ஆற்றங்கரையில் அமைந்திருப்பது பாசல் நகரம். அந்நகரின் காற்பந்துக் கழகம் 1893ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. ஐரோப்பாவின் பெருஞ்செல்வக் கழகங்களோடு ஒப்ப வைத்து எண்ணத்தக்கது அன்று. ஆயினும், நம்மவர் அறிய வேண்டிய செய்தி ஒன்று அதன் வரலாற்றில் உண்டு. 1988ஆம் ஆண்டில் சிங்கப்பூரைச் சேர்ந்த வி. சுந்தரமூர்த்தி அக்கழகத்தில் சேர்ந்தார். 24 ஆண்டுகள் கழித்து, 2012ஆம் ஆண்டில், எகிப்து நாட்டின் முகமது சாலா அதே கழகத்தில் சேர்ந்தார்.

சாலாவை உலகம் அறியும். சுங்கை பூலோ வட்டாரத்துத் திடல்களில் மாலையில் பந்து உதைக்கும் நம் பிள்ளைகளும் அறிவர். சுந்தரமூர்த்தி பாசலில் ஆடியதை அறிந்த பிள்ளைகள் அரியர். ஒரே வாயிலில் நுழைந்த இருவருள் ஒருவர் உச்சிக்கு ஏறினார். மற்றவர் விரைவில் தாயகம் திரும்பினார். ஆற்றலின் ஏற்றத்தாழ்வே இதற்குக் காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அது முழு உண்மையாகாது.

சாலா 1992ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள், நைல் ஆற்றின் கழிமுகப் பகுதியிலுள்ள நாக்ரிக் என்னும் சிற்றூரில் பிறந்தார். 14ஆம் வயதில் கெய்ரோவிலுள்ள அராப் கான்ட்ராக்டர்ஸ் கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. அது ஒரு கட்டுமான நிறுவனத்தின் கழகம். ஊரிலிருந்து கெய்ரோவுக்குப் பேருந்து மாறிமாறிச் செல்ல நான்கு மணி நேரத்துக்கு மேலாகும். திரும்பி வரவும் அவ்வளவே. வாரத்தில் ஐந்து நாள் இந்தப் பயணம். காலை 7 மணி முதல் 9 மணி வரை மட்டுமே பள்ளியில் இருந்ததாகவும், பயிற்சிக்கு முன்னதாகவே செல்லலாம் என்ற அனுமதிக் கடிதம் தம்மிடம் இருந்ததாகவும் அவரே பின்னாளில் பேட்டியில் கூறியிருக்கிறார். நாள் ஒன்றுக்கு இரண்டு மணி நேரப் படிப்பு! புகழுக்கு முன்னர் அப்பிள்ளை கொடுத்த விலை இது. பந்து கைவிட்டிருந்தால் அவருக்கு எஞ்சியிருக்கக் கூடியது என்ன என்பதை ஆசிரியர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

17ஆம் வயதில் அவர் முதல் நிலைக் குழுவில் ஆடத் தொடங்கினார். 2012ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள், போர்ட் சயீத் நகர விளையாட்டரங்கில் நிகழ்ந்த கலவரத்தில் எழுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். எகிப்தின் லீக் ஆட்டங்கள் அடியோடு நின்றன. ஆட இடமற்றுப்போன எகிப்திய இளைஞர்களுடன் பாசல் கழகம் மார்ச்சு மாதத்தில் ஒரு நட்பாட்டத்தை ஏற்பாடு செய்தது. பிற்பாதியில் இறங்கிய சாலா இரண்டு கோல்களைப் போட்டார். கழகத்தார் அவரைச் சில நாள் தங்கிப் பயிலச் சொன்னார்கள். ஏப்ரலில் நான்காண்டு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள்.

அப்போது பாசல் எந்நிலையில் இருந்தது என்பதும் கருதத்தக்கது. 2010, 2011, 2012 ஆகிய மூன்று ஆண்டுகளும் அது சுவிஸ் வாகையர். 2011 டிசம்பரில் மான்செஸ்டர் யுனைடெட் குழுவையே வென்று, ஐரோப்பிய வாகையர் போட்டியிலிருந்து வெளியேற்றியது. அதன் பக்கவாட்டு ஆட்டக்காரர் ஷாச்சிரி ஜெர்மனியின் பாயர்ன் கழகத்திற்குச் செல்லவிருந்தார். ஆகவே ஓரிடம் காலியாயிற்று. அதற்குரியவரும் வந்து சேர்ந்தார். ஐரோப்பியப் போட்டிகளில் ஆடியதால் பெரிய கழகங்களின் கண் அவர்மேல் விழுந்தது. 2014 ஜனவரியில் இலண்டன் செல்சி கழகம் அவரை வாங்கியது. அங்கே அவருக்கு ஆட வாய்ப்புகள் குறைவு. இத்தாலிக்குச் சென்று ஃபியோரெண்டினா, ரோமா கழகங்களில் மீண்டும் தம்மை நிலைநாட்டினார். 2017இல் லிவர்பூல் சென்று, முதற்பருவத்திலேயே இங்கிலாந்து லீக்கில் 32 கோல்களைப் போட்டார். 2019இல் ஐரோப்பிய வாகையர் கிண்ணம் வென்ற குழுவிலும், 2020, 2025 ஆண்டுகளில் இங்கிலாந்து லீக் வென்ற குழுவிலும் அவர் இருந்தார்.

இனிச் சுந்தரமூர்த்தியைக் காண்போம். 1965இல் பிறந்த அவர், மலேசியக் கிண்ணப் போட்டிகளில் சிங்கப்பூருக்காக ஆடிப் பெயர் பெற்றார். பந்தைக் காலோடு ஒட்டவைத்தாற்போல் கொண்டு செல்லும் அவர் ஆட்டத்தைக் கண்டு களித்த முதியோர் இன்றும் நம்மிடையே உளர். அவருக்கு முன்னர் சிங்கப்பூரின் ஃபாண்டி அகமது 1983இல் ஹாலந்தின் குரோனிங்கன் கழகத்தில் சேர்ந்திருந்தார். அவ்வழியே சுந்தரமூர்த்தியும் ஐரோப்பா சென்றார். ஆனால் அவர் சேர்ந்த 1988ஆம் ஆண்டிலேதான் பாசல் முதல் பிரிவிலிருந்து இரண்டாம் பிரிவுக்கு இறங்கியிருந்தது. மீண்டும் மேலேற அதற்கு 1994 வரை ஆயிற்று. இரண்டாம் பிரிவில் ஆடுபவரைப் பெருங்கழகங்கள் தேடி வருவது அரிது.

மற்றொரு தடையும் இருந்தது. வெளிநாட்டு ஆட்டக்காரர் இத்தனை பேரே களமிறங்கலாம் என்ற கட்டுப்பாடு அக்காலத்தில் ஐரோப்பியக் கழகங்களில் இறுக்கமாக இருந்தது. பெல்ஜியத்தைச் சேர்ந்த போஸ்மன் என்னும் ஆட்டக்காரர் தொடுத்த வழக்கில் 1995இல் ஐரோப்பிய நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, ஐரோப்பிய ஒன்றியத்துக் குடிமக்களுக்கு இருந்த அந்தக் கட்டுப்பாட்டை நீக்கியது. அதன் பின்னர் ஆட்டக்காரர் சந்தை விரிந்தது. சுந்தரமூர்த்தி அதற்கு ஏழாண்டு முன்னரே சென்றுவிட்டார். திரும்பிய பின் கெடா மாநிலத்துக்காகவும் ஆடினார். பிற்காலத்தில் பயிற்றுநராகி, 2013இல் சிங்கப்பூரின் லயன்ஸ் டுவெல்வ் குழு மலேசிய சூப்பர் லீக்கை வெல்லச் செய்தார். 2016 முதல் 2018 வரை சிங்கப்பூர்த் தேசியக் குழுவை நடத்தினார். ஐரோப்பாவில் நிலைக்காதவர் தோற்றவர் அல்லர் என்பதற்கு இதுவே சான்று.

வாயிலே காணாதவர்களும் உண்டு. கிள்ளான் துறைமுகத்தில் 1953இல் பிறந்த ஆர். ஆறுமுகம், சிலாங்கூருக்கும் மலேசியாவுக்கும் கோல் காத்தவர். நீண்ட கைகளால் 'ஸ்பைடர்மேன்' எனப் பெயர் பெற்றவர். 1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என வென்று மலேசியா மாஸ்கோ ஒலிம்பிக்குத் தகுதி பெற்றது. ஆனால் ஆப்கானிஸ்தானில் சோவியத் படைகள் புகுந்ததைக் கண்டித்து மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. உலகம் அவரைக் காணும் வாய்ப்பு அத்துடன் போயிற்று. நம் நாட்டில் பாதித்தொழில் முறை லீக் 1989இல்தான் தொடங்கியது. முழுத்தொழில் முறை 1994இல் வந்தது. ஆறுமுகமோ 1988 டிசம்பரில் சாலை விபத்தில் தம் 35ஆம் வயதிலேயே மறைந்தார்.

இம்மூவர் வாழ்விலிருந்து பெறப்படுவது யாது? திறமை முதல் தேவை. அதனைக் காட்ட ஒரு குழு வேண்டும். அக்குழுவை உலகம் பார்க்கும் மேடை வேண்டும். காலமும் ஒத்துவர வேண்டும். இவற்றுள் முதலாவதை மட்டுமே பிள்ளை தன் உழைப்பால் அடைய முடியும்.

ஆகையால் "நான் சாலாவைப் போல் ஆவேன்" என்று ஒரு மாணவன் கூறினால் அவனை நகைப்பதும் தவறு. நம்பிப் புத்தகத்தைக் கைவிட விடுவதும் தவறு. சாலா நான்கு மணி நேரம் பேருந்தில் சென்றார். சுங்கை பூலோ மாணவனோ இன்று ரயிலேறி, சுங்கை பீசியில் மாறி, புக்கிட் ஜாலில் வரை போய்வரலாம். பகாங் கம்பாங்கிலுள்ள மொக்தார் டஹாரி கழகத்தில் படிப்பும் பயிற்சியும் ஒருங்கே தரப்படுகின்றன. இத்தகைய வழிகளைப் பெற்றோர்க்கு எடுத்துரைப்பது ஆசிரியர் கடமை.

எச்சரிக்கையும் ஒன்று உண்டு. ஐரோப்பாவில் சேர்த்துவிடுவதாகக் கூறிய போலித் தரகர்களிடம் பணத்தைப் பறிகொடுத்து, அந்நிய நகரங்களில் கைவிடப்பட்ட ஆப்பிரிக்கச் சிறுவர் பலர். இதனால், 18 வயது நிரம்பாதவரை நாடு விட்டு நாடு மாற்றுவதை, சில விலக்குகள் தவிர, ஃபிஃபா எனப்படும் அனைத்துலகக் காற்பந்துச் சம்மேளனம் தடை செய்துள்ளது. எனவே, 15 வயதுப் பிள்ளைக்கு ஐரோப்பிய ஒப்பந்தம் வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்டு ஒருவர் வீட்டுக்கு வந்தால், பெற்றோர் பணம் கொடுக்குமுன் பள்ளிக்கு வந்து கலந்து பேசுவது நன்று. பிள்ளை பயிற்சிக்குச் செல்லக் கடிதம் கொடுக்கும் தலைமையாசிரியர், தவறிய பாடங்களை எந்நாளில் எவர் கற்பிப்பார் என்பதையும் அதே கடிதத்தில் எழுதிக் கொடுப்பாராக.