பொற்கொம்புச் சங்கிலி
கான்ஸ்டான்டினோபிள், 1453

கனத்த இரும்புக் கண்ணிகளைக் கோத்து, மரத் தெப்பங்கள்மேல் மிதக்கவிட்ட சங்கிலி இது. நகரின் கடல்மதிலிலிருந்து எதிர்க்கரையில் ஜெனோவாக்காரர்களின் கலாட்டா வரை நீண்டு, பொற்கொம்புத் துறைமுகத்தின் வாயை அடைத்திருந்தது. நகரை முற்றுகையிட்ட ஒட்டோமான் கடற்படையால் இதை உடைக்க முடியவில்லை. ஏப்ரல் 20 அன்று, முற்றுகையிடப்பட்டவர்களுக்கு உதவ வந்த நான்கு கப்பல்கள் அப்படையின் கண்ணெதிரே உள்ளே நுழைந்துவிட்டன. அதனால் கடற்படைத் தளபதி பால்தாவோலுவின் பதவி பறிபோனது.

அப்போது ஒட்டோமான் சுல்தான் இரண்டாம் மெஹ்மெத்துக்கு வயது 21. சங்கிலியை விட்டுவிட்டுக் கலாட்டாவுக்குப் பின்னுள்ள மேட்டைப் பார்த்தார். கொழுப்புத் தடவிய மரக்கட்டைகளைப் பரப்பி, ஏப்ரல் 22 அன்று எழுபதுக்கு நெருக்கமான கப்பல்களை ஆட்களும் எருதுகளும் மேடேற்றி இழுத்து மறுபக்கம் பொற்கொம்பில் இறக்கினர். கப்பல்கள் தரையில் போகும்போதே பாய் விரித்திருந்தன. துடுப்புக்காரர்கள் வெறுங்காற்றில் துடுப்பு வலித்தார்களாம். அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் கிரிட்டோவுலோஸ் எழுதிவைத்த செய்தி இது.

ஏற்கெனவே ஆள் போதாமல் திணறிய காவலர்கள், துறைமுகப் பக்க மதிலுக்கும் வீரர்களைப் பிரித்து அனுப்ப நேர்ந்தது. கப்பல்களைத் தரைவழி இழுத்ததுதான் இந்த முற்றுகையின் மிகக் கூர்மையான நகர்வு. மே 29 அன்று நகரம் வீழ்ந்தது. அன்று சங்கிலியின் பிணைப்பை வெட்டியவர்கள், கிடைத்த கப்பல்களில் தப்பியோடிய இத்தாலிய மாலுமிகள்.