மண்டைக்குள் ஒரு மடை

புதுக்கோட்டைச் சீமையின் பழங் கண்மாய்களில், கரையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, இரண்டு கற்றூண்கள் நிற்பதை நேயர்களில் சிலர் பார்த்திருக்கலாம். அதற்குக் குமிழித் தூம்பு என்று பெயர். தூண்களின் அடியில் கல்தொட்டி, அதில் துவாரங்கள். நீரோடித் துளை வழியே தெளிந்த நீர் வயலுக்குப் பாயும். அதற்குக் கீழேயுள்ள சேறோடித் துளைகள் வழியே வண்டல் கலங்கிய நீர் வெளியேறும். போகிற தண்ணீரே சேற்றையும் அழைத்துக்கொண்டு போய்விடுவதால், கண்மாய் விரைவில் தூர்ந்து போவதில்லை. குமிழியைத் திறக்க, ஒருவர் நீந்திச் சென்று மூடியை அகற்ற வேண்டும்.

நமது மண்டை ஓட்டுக்குள்ளும் இத்தகைய ஏற்பாடொன்று உண்டென்று விஞ்ஞானிகள் கூறுகிறார்கள். இதையும் நம் முன்னோர் அறிந்திருந்தார்கள் என்று சாதிக்க நான் வரவில்லை. தூம்பு கட்டிய பெருமையே நமக்குப் போதும்.

மூளையைச் சூழ்ந்து தெளிந்த நீர் ஒன்று இருப்பதை 1764-ல் இத்தாலிய வைத்தியர் கொத்துஞ்ஞோ விவரித்தார். வளர்ந்த மனிதரிடம் ஒரு சமயத்தில் ஏறக்குறைய 150 மில்லி லிட்டரே இருக்கும். ஆனால் நாளொன்றுக்குச் சுமார் 500 மில்லி லிட்டர் ஊறுகிறது. அப்படியானால், தினம் மூன்று முறையேனும் பழைய நீர் கழிந்து புதுநீர் நிரம்புகிறது!

அந்நீர் செய்யும் வேலை என்ன? மூளை அதிராமல் காக்கும் மெத்தை என்பதே பழைய விடை. 2012-ல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் சர்வகலாசாலையைச் சேர்ந்த மைக்கன் நெடர்கார்டு என்ற அம்மையாரும் அவர் குழுவினரும் வேறொன்று சொன்னார்கள். இருதயம் துடிக்குந்தோறும் நாடிகள் விம்முகின்றன. அந்த விம்மலால் உந்தப்பட்டு, இரத்தக் குழாய்களின் வெளிப்புறத்தை ஒட்டியே இந்நீர் மூளைக்குள் புகுகிறது. ஜீவாணுக்களின் இடுக்குகளில் சேர்ந்த கசடை ஏந்திக்கொண்டு வெளியேறுகிறது. வண்டலாவது வயலுக்கு உரமாகும். இந்தக் கசடால் யாருக்கும் பயனில்லை. அல்ஸைமர் என்னும் மறதி வியாதியில் மூளையில் படியும் அமிலாய்டும் அதில் ஒன்று.

சரி, இங்கே குமிழியைத் திறப்பவர் யார்? தூக்கந்தான் என்றது 1913-க்கு நூறாண்டு கழித்து, 2013-ல், அதே குழு. உறங்கும் சுண்டெலியின் மூளையில் இடுக்குகளின் கொள்ளளவு 60 சதவிகிதம் அதிகரித்ததாகவும், அமிலாய்டு இரு மடங்கு விரைவாக நீங்கியதாகவும் கண்டார்கள். 2015-ல் மூளையின் உறையிலே நிணநீர்க் குழாய்கள் இருப்பதும் எலிகளில் தெரிய வந்தது; கசடு கழுத்தை நோக்கி இறங்க ஒரு வாய்க்கால் கிடைத்துவிட்டது.

ஆயினும் வழக்கு தீர்ந்தபாடில்லை. 2024-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரியினர், உறங்கும் எலியில் கழிவு நீங்குவது குறைகிறதென்றே அறிவித்தார்கள்! அதே ஆண்டில் அமெரிக்காவின் ஓரிகனில், மூளையில் ரண சிகிச்சை பெற்ற சில நோயாளிகளைப் படம் எடுத்துப் பார்த்தபோது, மனிதரிடத்தும் இந்நீர் இரத்தக் குழாய்களை ஒட்டிச் செல்வது புலப்பட்டது. ஓட்டம் உண்மை, இரவில் அது மிகுமா, குறையுமா என்பதே சச்சரவு.

ஆகவே, தாத்தா பேரனின் பெயரை மறந்தால், "அன்றே சரியாகத் தூங்கியிருந்தால்" என்று வீட்டார் அவரைக் குறை கூறுவது நியாயமன்று. மூளையைக் கழுவும் லேகியம் என்று எவரேனும் விற்க வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். பரீட்சைக்காகக் குழந்தையை விடிய விடிய விழிக்கவைக்கும் பெற்றோருக்கு மட்டும் எலிகளின் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க அவசியமில்லை. உறக்கம் கெட்டால் படித்தது மனத்தில் நில்லாது என்பது வேறு பல சோதனைகளால் முன்னமே நிலைபெற்ற செய்தி.