முட்டுக்கட்டையும் ஒரு கோலிக்குண்டும்

என் சித்தி கார் ஓட்டப் பழகிய நாட்களில் பின்சீட்டில் எனக்கு ஒரு உத்தியோகம் இருந்தது. முக்கோணமாகச் செதுக்கிய ஒரு பலாக்கட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். மணவாளக்குறிச்சியிலிருந்து திங்கள்சந்தைக்குப் போகிற வழியில் ஏதாவது ஏற்றத்தில் வண்டி நின்றுபோனால், "எறங்குல மக்கா!" என்று சித்தி கத்துவாள். நான் குதித்து ஓடி, பின்சக்கரத்துக்கு அடியில் கட்டையைத் திணிப்பேன். அதன் பிறகுதான் அவளுக்கு மூச்சே வரும்.

ஒருநாள் கட்டையை வீட்டுத் திண்ணையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். அன்றைக்கென்று பார்த்து எங்கள் முதுகோடு ஒட்டி ஒரு மினி பஸ். ஏற்றத்தின் பாதியில் முன்னால் போன ஆட்டோ நின்றது, நாங்களும் நின்றோம். ஆட்டோ கிளம்பியது. சித்தி பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள். கார் முன்னால் போகவில்லை. பொறத்தால உருளத் தொடங்கியது. "பிரேக்கைச் சவிட்டு, சவிட்டு!" என்று நான் அலறினேன். அதற்குள் மினி பஸ் கண்டக்டர் குதித்து, ரோட்டோரம் கிடந்த கருங்கல் ஒன்றைக் காலால் தள்ளிச் சக்கரத்துக்கடியில் கொடுத்தார். டக். வண்டி நின்றது. பஸ்ஸின் மூக்குக்கும் எங்கள் டிக்கிக்கும் நடுவே ஒரு சாண் இருந்தால் அதிகம்.

இதில் சித்தியின் பிழை பெரிதாக ஒன்றுமில்லை. கணக்கே உதைக்கிறது: கியர் வண்டியில் பெடல் மூன்று, மனிதனுக்குக் கால் இரண்டு. இடதுகால் கிளட்சில். வலதுகால் பிரேக்கில். கிளம்ப வேண்டுமென்றால் வலதுகால் பிரேக்கை விட்டு ஆக்சிலேட்டருக்குத் தாவ வேண்டும். அந்தத் தாவலின்போது வண்டியைப் பிடித்துக்கொள்ள ஆளே இல்லை. கிளட்ச் அமுங்கியிருப்பதால் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு கிடையாது. பிரேக்கும் விட்டாயிற்று. சமதளமென்றால் கவலையில்லை. ஏற்றமென்றால் சரிவுதான் அப்போது டிரைவர்.

சரிவு எவ்வளவு வேகமாக வேலை பார்க்கும்? பத்து மீட்டர் போனால் ஒரு மீட்டர் உயரும் ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் கிலோ கார் ஒன்றை அது பின்னால் இழுக்கிற விசை, நூறு கிலோ மூட்டையைத் தூக்கிப் பிடிக்க வேண்டிய விசைக்குச் சமம். அரை நொடியில் கார் சுமார் 12 சென்டிமீட்டர் உருளும். அது ஒன்றுமில்லை. ஒரு நொடியில் அரை மீட்டர். இரண்டு நொடியில்? ஒரு மீட்டர் என்று சொல்ல வாய் வருகிறதல்லவா? இல்லை, ஏறக்குறைய இரண்டு மீட்டர்! நேரம் இரண்டு மடங்கானால் தூரம் நான்கு மடங்காகும். (சக்கரத்தின் உராய்வால் இந்த எண்கள் கொஞ்சம் குறையும், கணக்கின் போக்கு மாறாது.) இத்தாலியில் கலிலியோ சாய்ந்த பலகையில் தவாளிப்பு வெட்டி, வெண்கலக் குண்டை உருட்டி, ஒழுகும் தண்ணீரை எடைபோட்டு நேரம் அளந்து இதைக் கண்டுபிடித்தார். 1638-இல் வந்த அவருடைய புத்தகத்தில் இந்தச் சோதனை இருக்கிறது. உங்களுக்கு ஒரு பலகையும் கோலிக்குண்டும் போதும்.

பயம் வருவதும் இதனால்தான். முதல் அரை நொடியில் ஒன்றும் ஆகவில்லை என்று தோன்றும். நாம் பதறத் தொடங்கும்போது சரிவு முந்திவிடுகிறது.

பழைய டிரைவர்கள் இதற்கு மூன்றாவது கால் ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். அது கை. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டால் வண்டி நிற்கும், வலதுகாலுக்கு விடுதலை. இனி ஆக்சிலேட்டரை லேசாக அமுக்கி, கிளட்சை மெள்ள மெள்ள விட வேண்டும். ஓரிடத்தில் எஞ்சின் சத்தம் கனத்து இறங்கும், பானெட் இம்மி நிமிரும். கிளட்ச் பிடித்துவிட்டது என்று அர்த்தம். அப்போது ஹேண்ட் பிரேக்கை இறக்கினால் வண்டி ஏறும். சொல்ல எளிது. பின்னால் ஹாரன் அடிக்கிறபோது செய்வதுதான் கஷ்டம். ஹேண்ட் பிரேக் போடாமல், கிளட்சைப் பாதி அமுக்கியே ஏற்றத்தில் வண்டியை நிறுத்திக் காட்டும் சூரர்களும் உண்டு. கருகல் வாடை வரும். அடுத்த மாதம் மெக்கானிக்கிடம் காசு எண்ணிக் கொடுப்பார்கள்.

லைசென்ஸ் கேட்டுப் போகிறவருக்கு இந்த வித்தை தெரிந்திருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15-ஆம் விதியைப் பாருங்கள்: செங்குத்தான ஏற்றத்தில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி கிளம்பிக் காட்ட வேண்டும்.

அன்று வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னதும் தாத்தா சிரித்தார். "முட்டுக்கட்டையை மறந்தா அப்பிடித்தான் இருக்கும்" என்றார். அந்தச் சொல்லை நான் சண்டையில்தான் கேட்டிருந்தேன். நல்ல காரியத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறான் என்று ஆளை ஏசுவார்கள். தேரோட்டத்தில் முட்டுக்கட்டை போடுகிறவரைப் பார்த்திருந்தால் அப்படி ஏச மனம் வராது. சுசீந்திரம் மார்கழித் தேருக்குப் போனால் வடம் பிடிப்பவர்களை மட்டும் பார்க்காதீர்கள், சக்கரத்தடியையும் பாருங்கள். மாடி வீடு உயரத் தேருக்கு பிரேக்கும் கிடையாது, ஸ்டீயரிங்கும் கிடையாது. சக்கரத்தின் முன்னால் கட்டை கொடுத்துத்தான் நிறுத்துவார்கள், திருப்புவார்கள். என் கணக்கில் அதுதான் திருவிழாவிலேயே ஆபத்தான வேலை. அந்த வேலையின் பெயரைப் போய் வசவாக்கிவிட்டோம்.

சரி, காருக்குள்ளேயே ஒரு முட்டுக்கட்டையை ஒளித்துவைக்க முடியுமா? அமெரிக்காவில் 1936-இல் ஸ்டூடிபேக்கர் கம்பெனி அப்படி ஒரு கார் விற்றது. உள்ளே இருந்தது மரக்கட்டை அல்ல, கோலிக்குண்டு போன்ற ஓர் உருண்டை.

முதலில் பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம். நீங்கள் பெடலை மிதித்ததும் மெல்லிய குழாய்க்குள் இருக்கும் பிரேக் ஆயில் தள்ளப்பட்டுச் சக்கரம் வரை அழுத்தத்தைக் கொண்டுபோகிறது. காலை எடுத்ததும் ஆயில் திரும்பி வருகிறது, பிரேக் விடுபடுகிறது. அந்தத் திரும்பும் வழியில்தான் ஒரு சிறு அறை வைத்து, அறைக்குள் உருண்டையைப் போட்டார்கள். சமதளத்தில் உருண்டை வாசலை விட்டுத் தள்ளியே கிடக்கும். ஆயில் போகும், வரும். காரின் மூக்கு மேலே நிமிர்ந்தால் உருண்டை தானே பின்னால் உருண்டு போய் வாசலில் உட்காரும். பிரேக்கை மிதிக்கிற விசை அதைத் தள்ளிக்கொண்டு ஆயிலை அனுப்பிவிடும். காலை எடுத்தபின் ஆயில் திரும்பப் பார்த்தால், வாசலில் உருண்டை! அழுத்தம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும், பிரேக் பிடித்தபடி இருக்கும். கிளட்ச் பெடலிலிருந்து ஒரு கம்பி இந்த அறைக்கு வரும். கிளட்ச் அமுங்கியிருக்கும்வரை உருண்டைக்குக் காவல் வேலை. கிளட்சை விட்டதும் கம்பி அதை வாசலிலிருந்து நகர்த்திவிடும். வண்டி ஏறும்.

மின்சாரம் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. காரைப் பின்னால் இழுக்கிற அதே புவியீர்ப்புதான் உருண்டையையும் பின்னால் உருட்டித் தாழ்ப்பாள் போட வைக்கிறது. திருடனையே பிடித்து வாசலில் காவலுக்கு நிறுத்தியது போல! பின்னாளில் ஜப்பானின் சுபாரு கார்களிலும் கிளட்சோடு இணைத்த இத்தகைய அமைப்பு வந்தது.

இப்போதைய கார்களில் உருண்டை இல்லை. ஹில் ஹோல்டு, ஹில் ஸ்டார்ட் அசிஸ்ட் என்றெல்லாம் விளம்பரத்தில் போடுகிறார்களே, அங்கே ஏற்றத்தை உணர்வது ஒரு சிலிக்கான் சில்லு. அதற்குள் தலைசீப்பின் பற்கள் போல மயிரிழை விரல்கள் கோத்து நிற்கும். சாய்ந்தால் விரல்களுக்கு நடுவே உள்ள இடைவெளி மாறும், அதோடு மின்னளவும் மாறும். செல்போனைப் படுக்கையாகத் திருப்பினால் படமும் திரும்புகிறதல்லவா, அதுவும் இதே வகைச் சில்லின் வேலைதான். வழுக்கும் வளைவில் கார் சுழன்றுவிடாமல் காக்கும் இஎஸ்சி என்ற அமைப்பை ஜெர்மனியின் பாஷ் கம்பெனி 1995-இல் மெர்சிடிஸ் காரில் கொண்டுவந்தது. ஆயிலை அடைக்கும் வால்வுகளும் உணரிகளும் அதிலேயே இருக்கின்றன. ஆகவே இஎஸ்சி உள்ள காருக்கு ஹில் ஹோல்டு கொடுப்பது, இருக்கிற வேலையாளுக்கு இன்னொரு வேலை சொல்வது மாதிரி. பிரேக்கை விட்ட பிறகும் சுமார் இரண்டு நொடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும். எஞ்சின் வண்டியை இழுக்கத் தொடங்கியது தெரிந்ததும் விட்டுவிடும். இரண்டு நொடியில் நாலு மடங்குக் கணக்கு எவ்வளவு வந்தது? இரண்டு மீட்டர். அந்த இரண்டு மீட்டரைத்தான் மிச்சப்படுத்துகிறது. அதற்கு மேல் நம்பி நிற்கக் கூடாது. நேரம் முடிந்தால் கைவிட்டுவிடும்.

எனக்கென்னவோ அந்த உருண்டையின் மேல்தான் பிரியம் அதிகம். ஆனால் இறக்கத்தைப் பார்த்து நிற்கும் காரை ரிவர்ஸில் மேலே எடுக்கும்போது உருண்டை உதவாது, எதிர்ப்பக்கம் ஓடிவிடும். சில்லு இரண்டு பக்கச் சாய்வையும் அறியும்.

குண்டோ சில்லோ, கடைசியில் சக்கரத்தைப் பிடித்து நிறுத்துவது உராய்வு. சக்கரத்தோடு சுழலும் தட்டை பிரேக் பேடு இறுக்கிப் பிடிக்கிறது. பிடிமானத்துக்காக அந்தப் பேடுகளில் சேர்க்கும் பொடிகளில் ஒன்று சிர்க்கான். அதைப் பார்க்க நாங்கள் எங்கேயும் போக வேண்டாம். எங்கள் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலேயே இருக்கிறது. இல்மனைட், ரூட்டைல், கார்னெட், மோனசைட், சிர்க்கான் என்று கனமான மணல் வகைகள் இங்கே கலந்து கிடக்கின்றன. 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், இந்தப் பக்கத்திலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். அடுத்த ஆண்டே மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை வந்தது. (இங்குள்ள சிர்க்கான் உங்கள் வீட்டுக் காரில் இருக்கிறது என்று நான் சத்தியம் செய்யவில்லை. ஓடு, பீங்கான் மெருகுக்குப் போவதே அதிகம்.)

இந்தக் கனமணல் கரையில் சேர்ந்த கதையும் ஏற்றத்தின் கதைதான். அலை ஏற்றத்தில் ஓடி ஏறுகிறது. ஓரளவுக்கு மேல் முடியாமல் பின்னால் உருண்டு வருகிறது. வரும்போது வெள்ளை மணலை இழுத்துக்கொண்டு போகிறது. அதைப்போல ஒன்றே முக்கால் மடங்கு அடர்த்தியுள்ள சிர்க்கானும் இல்மனைட்டும் அசைய மறுத்து மேட்டிலேயே தங்கிவிடுகின்றன. அலை வடிந்த கரையில் கறுப்புக் கோடுகள் தெரிந்தால் விரலால் தொட்டுப் பாருங்கள். ஒரு பிடி அள்ளினாலே கனம் புரியும்.

சித்தி இப்போது ஓட்டுவது ஹில் ஹோல்டு உள்ள வண்டி. திங்கள்சந்தை ஏற்றத்தில் நிற்கிறாள், கிளம்புகிறாள், பேச்சைக்கூட நிறுத்துவதில்லை. போன மாதம் தேங்காய் மூட்டை ஏற்ற டிக்கியைத் திறந்தேன். ஸ்டெப்னி பக்கத்தில் அந்தப் பலாக்கட்டை கிடந்தது.

"இது இன்னும் எதுக்கு சித்தி?"

"பஞ்சராச்சுன்னா ஜாக்கி வச்சுத் தூக்கணும்லா. வண்டியை ஆஃப் பண்ணினா உன் சில்லு பிடிச்சுக்கிட்டு நிக்குமா மக்கா?"