சைக்கிள் பழுதானால்: வீட்டில் செய்யக்கூடியவையும் கடையில் கவனிக்க வேண்டியவையும்

மீள்குடியேறிய பல கிராமங்களில் பஸ் ஓடும் வீதி வீட்டிலிருந்து எட்டத்தில்தான் இருக்கிறது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவது, தண்ணீர் கொண்டுவருவது, கிளினிக்குக்குப் போவது, கூலி வேலைக்குப் போவது எல்லாம் பெரும்பாலும் ஒரே சைக்கிளில்தான். அது இரண்டு நாள் நின்றால் வீட்டு வருமானமும் நின்றுவிடும். சின்னப் பழுதுகளை வீட்டிலேயே பார்த்துக்கொண்டு, பெரிய வேலைக்கு மட்டும் கடைக்குப் போனால் கையில் உள்ள காசு மிஞ்சும்.

வீட்டில் செய்யக்கூடியவை

காற்றுப் போனால் உடனே ரயரைக் கழற்ற வேண்டாம். காற்றை அடித்துவிட்டு, வால்கட்டையின் வாயில் சிறிது தண்ணீர் வைத்துப் பாருங்கள். குமிழி வந்தால் அதற்குள் இருக்கும் சிறிய இறப்பர்க் குழாய்தான் பழுது. அதை மட்டும் மாற்றினால் போதும்.

குமிழி வராவிட்டால் ரியூப்பில் ஓட்டை இருக்கலாம். கரண்டிக் காம்பால் ரயரைக் கழற்றுங்கள். கூரான கருவி ரியூப்பைக் கிழித்துவிடும். ரியூப்புக்குக் காற்றடித்துத் தண்ணீரில் அமிழ்த்தினால் ஓட்டை தெரியும். அந்த இடத்தைத் துடைத்துக் காயவிட்டு, மண்தாளால் உரசி, சொலூசன் பூசுங்கள். அது சற்று உலர்ந்த பிறகே ஒட்டை வைத்து அழுத்த வேண்டும். ஈரத்தோடு வைத்தால் கழன்றுவிடும். ரியூப்பைத் திரும்பப் போடுமுன் ரயரின் உட்பக்கத்தைத் துணியால் தடவிப் பாருங்கள். உடைமுள்ளோ நெருஞ்சிமுள்ளோ உள்ளே நின்றால் மறுபடியும் ஓட்டை விழும்.

கிரவல் வீதிப் புழுதி செயினைத் தின்றுவிடும். கிழமைக்கு ஒருமுறை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, தையல் மெசின் எண்ணெய் சில துளி விடுங்கள். தேங்காயெண்ணெய் நாள்பட்டால் பிசுபிசுத்துப் புழுதியைப் பிடிக்கும்.

பிறேக் கட்டை தேய்ந்து இரும்பு தெரியுமுன் மாற்றுங்கள். றிம்மில் எண்ணெய் படக்கூடாது. பின்னால் தண்ணீர்க்கானும் முன்னால் பிள்ளையும் இருக்கும்போது பிறேக் பிடிக்காவிட்டால் ஆபத்து.

கடைக்குக் கொண்டுபோக வேண்டியவை

சில்லு நெளிந்தால், கம்பிகள் உடைந்தால், பெடல் மிதிக்கும்போது உள்ளே கறகறவென்று சத்தம் கேட்டால், பிறேம் வெடித்திருந்தால் கடைக்குக் கொண்டுபோங்கள். வெடித்த பிறேமை ஒட்டவைத்தாலும் அதில் பாரம் ஏற்ற வேண்டாம்.

கடையில் முதலில் என்ன பழுது என்பதைச் சொல்லுங்கள். சாமான் விலை எவ்வளவு, கூலி எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டு, சம்மதித்த பிறகு வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். இடையில் வேறு பழுது தெரிந்தால் உங்களைக் கேட்டுவிட்டே மாற்றும்படி சொல்லலாம். கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ரயரின் பக்கத்தில் 28 × 1½ என்பது போல அளவு அச்சிடப்பட்டிருக்கும். அதை எழுதிக்கொண்டு போனால் பிழையான சாமான் வாங்க வேண்டிவராது.

கடைக்காரரும் பெரும்பாலும் உங்களைப் போலவே எல்லாவற்றையும் இழந்து திரும்பி வந்தவர்தான். கடன் சொன்னால் தொகையையும் திகதியையும் இருவரும் எழுதிவைப்பது பின்னர் மனக்கசப்பைத் தவிர்க்கும்.

பழைய சைக்கிள் வாங்கும்போது விற்பவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், பிறேமில் பொறித்துள்ள இலக்கம் ஆகியவற்றை எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். பிறகு யாராவது அது தங்களுடையது என்று உரிமை கோரினால் அந்தத் துண்டுதான் உங்களுக்குச் சாட்சி.

பாதையை விட்டு இறங்க வேண்டாம்

வழியில் காற்றுப் போனால் சனங்கள் வழமையாகப் போய்வரும் வீதியிலேயே நின்று பாருங்கள். நிழல் தேடிப் பற்றைக்குள் சைக்கிளை உருட்டிக்கொண்டு போக வேண்டாம். வளவிலோ காட்டிலோ கைவிடப்பட்ட சைக்கிள் கிடந்தால், அது உங்களுடையதாகவே இருந்தாலும், தொடவோ சாமான் கழற்றவோ வேண்டாம். அதன் அருகில் மிதிவெடியோ வெடிக்காத குண்டோ இருக்கலாம். வந்த வழியே திரும்பிப் போய், கிராம அலுவலருக்கோ கண்ணிவெடி அகற்றும் பிரிவினருக்கோ அறிவியுங்கள். பிள்ளைகளுக்கும் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிவையுங்கள்.