வீடியோவுக்கும் பெயர்ப் பலகை வேண்டும்

பூக்கடைக்கு விளம்பரம் தேவையில்லை என்பார்கள். மணமே ஆளை அழைத்து வந்துவிடும். ஆனால் இணையத்தில் ஏற்றிய வீடியோவுக்கு மணம் கிடையாது. எவ்வளவு நல்ல பாட்டானாலும், எவ்வளவு அரிய பேச்சானாலும், தேடுகிறவர் கண்ணில் படாவிட்டால் அது இருந்தும் இல்லாதது போலத்தான்.

நம் சங்க விழாக்களை இப்போது யாராவது ஒரு அன்பர் படம் பிடித்து யூட்யூபில் ஏற்றிவிடுகிறார். நல்ல காரியம். குழந்தைகள் ஒப்பிக்கும் திருக்குறள், பெண்களின் கும்மி, மூத்தவர்கள் மேடையேறிப் பாடும் ஊர்ப் பாட்டுகள் எல்லாம் அங்கே கிடக்கின்றன. தலைப்பு மட்டும் 'பொங்கல் விழா பகுதி 3' என்றிருக்கும். சிலவற்றுக்கு செல்போன் தானாக வைத்த எண்ணே பெயர். தன் பாட்டி பாடிய நடவுப் பாட்டைப் பத்து வருடம் கழித்துத் தேடும் பேத்திக்கு இது எப்படி அகப்படும்?

ரயில்வேயில் வேலை பார்த்த எனக்கு இதைக் காணும்போது வேகன் நினைவுதான் வருகிறது. யார்டில் ஒரே மாதிரியான வேகன்கள் நூற்றுக்கணக்கில் நிற்கும். ஒவ்வொன்றின் மீதும் 11 இலக்க எண் உண்டு. முதல் இரண்டு இலக்கம் வேகனின் வகை, அடுத்த இரண்டு எந்த ரயில்வேக்குச் சொந்தம், அதற்கடுத்த இரண்டு தயாரித்த ஆண்டு, பிறகு நான்கு அதன் வரிசை எண், கடைசி இலக்கம் சரிபார்க்க. அந்த எண் இல்லாவிட்டால் உள்ளே தங்கமே இருந்தாலும் வேகன் போய்ச் சேராது. வீடியோவுக்கு நாம் எழுதும் தலைப்பும் விவரமும் இத்தகைய எண்தான்.

எப்படித் தேடுகிறது?

யூட்யூப் 2005-இல் தொடங்கப்பட்டது. 2006-இல் கூகுள் அதை வாங்கியது. தேடல் முடிவுகளை வரிசைப்படுத்த முக்கியமாக மூன்றைப் பார்ப்பதாக அந்நிறுவனமே கூறுகிறது. முதலாவது, தேடிய சொல்லுக்கும் வீடியோவின் தலைப்பு, விவரம், உள்ளடக்கம் ஆகியவற்றுக்கும் உள்ள பொருத்தம். இரண்டாவது, அதே சொல்லைத் தேடி வந்தவர்கள் எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பது. மூன்றாவது, அந்தச் சேனலின் நம்பகத்தன்மை. முதலாவது முழுக்க நம் கையில் இருக்கிறது. காசு செலவில்லை, பத்து நிமிட உழைப்பு போதும்.

தலைப்பும் விவரமும்

தலைப்புக்கு அதிகபட்சம் 100 எழுத்துகள். தேடுகிறவர் எந்தச் சொல்லைத் தட்டுவாரோ அது முதலில் வரட்டும். 'தஞ்சை நடவுப் பாட்டு – மும்பை பொங்கல் விழா 2024' என்று வைத்தால் என்ன, எந்த ஊருடையது, எங்கே, எப்போது என்ற நான்கும் வந்துவிட்டன. எந்தச் சொல் என்று சந்தேகமா? யூட்யூபின் தேடல் கட்டத்தில் 'நடவு' என்று தட்டிப் பாருங்கள். பிறர் தேடும் சொற்கள் கீழே வரிசையாக வரும்.

விவரக் குறிப்புக்கு 5000 எழுத்துகள் வரை இடம் உண்டு. பெரும்பாலோர் அதைக் காலியாக விடுகிறார்கள். பாடியவர் யார், எந்த ஊர்க்காரர், யாரிடம் கற்றார், எந்த வேலையின்போது பாடுவது என நாலு வரி எழுதுங்கள். பெரியவர்களின் பெயரை அவர்கள் சம்மதத்துடன் போடலாம். குழந்தைகளின் முழுப் பெயர், பள்ளி, குடியிருப்பு ஆகியவை வேண்டாம்.

மும்பை ஸ்டேஷன்களில் பெயர்ப் பலகை மராத்தி, இந்தி, ஆங்கிலம் மூன்றிலும் இருப்பதைத் தினமும் பார்க்கிறோம். அந்த முறையை இங்கும் கையாளலாம். நம் பிள்ளைகள் பலர் தமிழ் பேசுவார்கள், ஆனால் தேடும்போது ஆங்கில எழுத்தில்தான் தட்டுவார்கள். எனவே தமிழ்த் தலைப்பை ஆங்கில எழுத்திலும் விவரத்தில் ஒரு முறை எழுதுங்கள். கொழுக்கட்டையில் வரும் ழகரத்தை ஒருவர் 'இசட் எச்' என்றும் இன்னொருவர் 'எல்' என்றும் எழுதுவார். இப்படி மாறி வரும் வடிவங்களை 'டேக்' என்ற கட்டத்தில் இடுங்கள். எழுத்து மாறித் தேடப்படும் சொற்களுக்குத்தான் டேக் உதவும், மற்றபடி அதற்குப் பெரிய பங்கில்லை என்று யூட்யூபே சொல்கிறது.

மூன்று மணி நேர விழா

விழா முழுவதையும் ஒரே வீடியோவாக ஏற்றினால் இரண்டாவது மணியில் வரும் பாட்டு யாருக்கும் எட்டாது. ஒவ்வொரு நிகழ்ச்சியையும் தனித்தனியே வெட்டி ஏற்றுவது உத்தமம். முடியாவிட்டால் விவரத்தில் நேர அட்டவணை கொடுங்கள். முதல் நேரம் 0:00 ஆக இருக்க வேண்டும். குறைந்தது மூன்று நேரங்கள் ஏறுவரிசையில் வர வேண்டும். ஒவ்வொரு பகுதியும் 10 விநாடிக்குக் குறையக் கூடாது. இப்படிச் செய்தால் வீடியோ தானாகவே அத்தியாயங்களாகப் பிரிந்து காட்டும்.

அடுத்தது வசன வரிகள். பேச்சைக் கேட்டு எழுதி ஏற்றலாம். காது கேளாதவருக்கும் உதவும், வட்டார வழக்குப் புரியாத பிள்ளைகளுக்கும் உதவும். நம் தமிழ் வகுப்பு மாணவர்களுக்கு இதையே பயிற்சியாகக் கொடுத்தால் என்ன? பாட்டி பேசுவதைக் கேட்டு எழுதும் குழந்தைக்கு எழுத்தும் வரும், பாட்டியின் ஊரும் தெரியும்.

கவனிக்க வேண்டியவை

வீடியோவை 'பப்ளிக்' என்று வைத்தால்தான் தேடலில் வரும். 'அன்லிஸ்டட்', 'பிரைவேட்' இரண்டும் வராது. வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போடுவது குழுவுக்கு வெளியே யாருக்கும் கிட்டாது.

'முதலிடம் வாங்கித் தருகிறேன், பார்வை எண்ணிக்கையைக் கூட்டித் தருகிறேன்' என்று பணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம். விளம்பரம் வேறு. சாதாரணத் தேடல் வரிசையில் இடம் தரப் பணம் பெறுவதில்லை என்பது யூட்யூபின் கொள்கை. பொய்யாகப் பார்வைகளைக் கூட்டுவது விதிமீறல். வீடியோவில் இல்லாத நடிகர் பெயரைத் தலைப்பில் சேர்ப்பதும் அப்படித்தான். வந்தவர் ஏமாந்து உடனே வெளியேறுவார், கெடுவது நம் சேனலின் பெயர்தான்.

பழைய வீடியோக்களை நினைத்துக் கவலை வேண்டாம். தலைப்பையும் விவரத்தையும் எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம், முகவரி மாறாது. சேனல் நடத்துபவர் யூட்யூப் ஸ்டுடியோவில் பார்த்தால் எந்தச் சொல்லைத் தேடி மக்கள் வந்தார்கள் என்பதும் தெரியும். அதைக் கொண்டு மீண்டும் திருத்திக்கொள்ளலாம்.

அவசரம் வேறொன்றில் இருக்கிறது. அந்த வீடியோவில் இருப்பது எந்த ஊர், எந்தப் பாட்டு என்று சொல்லக்கூடியவர்கள் இன்று எழுபது, எண்பது வயதில் இருக்கிறார்கள். அவர்கள் அருகில் அமர்ந்து கேட்டு எழுத வேண்டிய வேலை இது. ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு வீடியோ என்று இளைஞர் அணியினர் எடுத்துக்கொண்டால் ஒரு வருடத்தில் நூறைத் தாண்டிவிடலாம்.