மருத்துவம் யார் மொழியில் பேச வேண்டும்?

செல்லிப்பட்டு போன்ற புதுச்சேரிக் கிராமம் ஒன்றிலிருந்து நகரத்து மருத்துவமனைக்குச் சென்று திரும்பும் முதியவரின் கையில் மருந்துச் சீட்டும் பரிசோதனை அறிக்கையும் இருக்கும். இரண்டுமே பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். முன்பெல்லாம் அவற்றைப் படித்துச் சொல்லத் தெருவில் ஒரு கல்லூரி மாணவரைத் தேட வேண்டியிருந்தது. இன்று அந்த வேலையைக் கைப்பேசி ஏற்றுக்கொண்டிருக்கிறது. காகிதத்தைப் படமெடுத்தால் சில நொடிகளில் தமிழாக்கம் வந்துவிடுகிறது.

ஆனால், அந்தத் தமிழ் முதியவருக்கு என்ன சொல்கிறது? பரிசோதனை முடிவு 'நெகட்டிவ்' என்றால் தேடிய நோய் இல்லை என்று பொருள். 'முடிவு எதிர்மறை' என்று படிப்பவர் கலங்கிப் போகக்கூடும். 'பாசிட்டிவ்' என்பது 'நேர்மறை' ஆகும்போது, நோய் இருப்பவர் நிம்மதியடைந்து சிகிச்சையைத் தள்ளிப்போடவும் கூடும். 'டிஸ்சார்ஜ்' என்ற ஒரே சொல் வீட்டுக்கு அனுப்புவதையும் குறிக்கும். புண்ணிலிருந்து வடியும் சீழையும் குறிக்கும். சொல்லுக்குச் சொல் வைப்பது மருத்துவத்தில் ஆபத்தானது.

இந்தச் சிக்கலை அச்சு இயந்திரக் காலத்திலேயே நேருக்கு நேர் சந்தித்தவர் ஒருவர் உண்டு. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் (1822–1884), அமெரிக்க இலங்கை மிஷனின் ஊழியராக 1847-இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவமனை நடத்தியதோடு, உள்ளூர் இளைஞர்களுக்கு மேலை மருத்துவமும் கற்பித்தார்.

தொடக்கத்தில் வகுப்புகள் ஆங்கிலத்தில் நடந்தன. ஆங்கிலத்தில் தேர்ந்தவர்களோ அரசுப் பணியையும் கூடுதல் ஊதியத்தையும் நாடி வேறு ஊர்களுக்குச் சென்றனர். கிராமங்கள் மருத்துவரின்றியே இருந்தன. 1864 முதல் கிறீன் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். தமிழில் பயின்றவர் தமிழரிடையே தங்குவார் என்பது அவர் எதிர்பார்ப்பு.

கற்பிக்க நூல்கள் வேண்டுமே! தம் மாணவர்களின் துணையோடு அவற்றைத் தமிழாக்கினார். மகப்பேறு மருத்துவ நூல் 1857-இலும், அறுவை மருத்துவம் குறித்த 'இரண வைத்தியம்' 1867-இலும் வெளிவந்தன. ஆங்கிலத்தில் 1858-இல் முதன்முதலாக வெளியான கிரேயின் உடற்கூற்றியல், 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் 1872-இல் தமிழுக்கு வந்தது. 1873-இல் தாயகம் திரும்பிய பின்னரும் கிறீன் இப்பணியைக் கைவிடவில்லை. அவருடைய முயற்சியில் உருவான தமிழ் மருத்துவ எழுத்து நாலாயிரம் பக்கங்களைத் தாண்டும்.

கலைச்சொல்லாக்கத்தில் அவர் வகுத்துக்கொண்ட நெறி இன்றும் கவனிக்கத்தக்கது. முதலில் தமிழ் வழக்கில் சொல் உண்டா எனத் தேடினார். கிடைக்காதபோது வடமொழியை நாடினார். அதுவும் உதவாத இடத்தில் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கு இசைவாக மாற்றிக்கொண்டார். வேதியியலுக்கு அவர் தந்த 'கெமிஸ்தம்' அப்படிப் பிறந்ததே. 'அங்காதிபாதம்' என்ற சொல்லைக் கேட்கும் தமிழ் வாசகருக்குப் 'பாதாதிகேசம்' நினைவுக்கு வராமல் போகாது. புதிய அறிவு பழகிய ஓசையோடு வந்தது. துறைவாரியாகச் சொற்பட்டியல்களையும் அவர் வெளியிட்டார். ஒரு கருத்துக்கு ஒரே சொல் நிலைபெற வேண்டும் என்ற அக்கறை அதில் தெரிகிறது.

கிறீனின் நோக்கத்தில் மதப் பரப்பலும் இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், கிறிஸ்தவராக மாறுபவர் ஐரோப்பியராக மாறத் தேவையில்லை என்பதில் அவர் உறுதியாக இருந்தார். மாணவர்கள் தங்கள் உடையையும் பழக்கவழக்கங்களையும் கைவிடக் கூடாது என்று வற்புறுத்தினார். தமிழருக்கான மருத்துவ நற்செய்தியாளர் என்றே தம் கல்லறையில் பொறிக்க விரும்பினார். வூஸ்டர் நகரில் உள்ள அக்கல்லில் அவ்வாறே பொறிக்கப்பட்டுள்ளது.

அவருக்குப் பின் அம்முயற்சி நிலைக்கவில்லை. 1870-இல் கொழும்பில் தொடங்கிய மருத்துவப் பள்ளி ஆங்கிலத்திலேயே கற்பித்தது. வேலைவாய்ப்பும் அம்மொழியோடுதான் இருந்தது. புதுச்சேரியின் வரலாறும் ஏறக்குறைய இதுவே. இங்கு 1823-இல் பிரெஞ்சு ஆட்சி தொடங்கிய மருத்துவப் பள்ளியே, பின்னாளில் ஜிப்மராக வளர்ந்த கல்வி மரபின் தொடக்கம். பாடமொழி பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு மாறியது. அலுவல் பணிகளில் இந்தியைப் பயன்படுத்துவது குறித்து ஜிப்மர் 2022-இல் வெளியிட்ட சுற்றறிக்கை போராட்டங்களுக்கு வழிவகுத்தது. அந்த விவாதத்திலும், நோயாளியின் கைக்கு வரும் காகிதம் எம்மொழியில் இருக்க வேண்டும் என்பது உரிய கவனம் பெறவில்லை.

மருத்துவப் படிப்பு முழுவதையும் தமிழில் நடத்துவது நீண்டகாலப் பணி. அதுவரை காத்திராமல் செய்யக்கூடியவை உண்டு. வீடு திரும்பும் ஒவ்வொருவருக்கும் என்ன நோய், எந்த மருந்தை எப்போது உட்கொள்வது, எந்த அறிகுறி தெரிந்தால் உடனே திரும்ப வேண்டும் என்ற மூன்றையும் ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பாகத் தரலாம். மொழிபெயர்ப்புச் செயலி அதற்கு முதல் வரைவைத் தயாரிக்கட்டும். தமிழறிந்த மருத்துவரோ செவிலியரோ சரிபார்க்கட்டும். 'நோய்த்தொற்று இல்லை' என்பதுபோல் ஐயத்துக்கு இடமற்ற தொடர்களை அரசே தரப்படுத்தி வழங்கலாம்.

கிறீனுக்குத் தமிழ் அந்நிய மொழி. கணினி இல்லை, செயலி இல்லை. நோயாளிக்குப் புரியவைப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே என்ற தெளிவு மட்டும் அவரிடம் இருந்தது. கருவிகள் பெருகிவிட்ட இக்காலத்தில், அந்தத் தெளிவுதான் நம் மருத்துவமனைகளுக்கு உடனடித் தேவை.